முட்டைத் தட்டு

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட நாலாம் நாள் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது. வேன்காரரின் தங்கை வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனாள். சாமான் ஏற்றிவிட அண்ணன் போயிருந்தார். போகிற இடம் சின்ன வீடு என்று சொல்லி, துணி காயப்போடும் ஸ்டாண்டு ஒன்றையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும், பழைய போர்வையில் சுற்றிய ஓர் அட்டைப்பெட்டியையும் அவர் வண்டியிலேயே ஏற்றிவிட்டாள்.

"டிவியில மாட்டி ஆடுற கேம்ணே. புள்ளைங்க லீவு முழுக்க செல்லைப் பாத்துக்கிட்டுக் கிடக்குறதுக்கு இது எவ்வளவோ தேவலாம். உக்காந்து ஆடுறது இல்ல, எந்திரிச்சு நின்னு கையைக் காலை ஆட்டி ஆடணும். வீட்டோட சேர்ந்து ஆடலாம். அண்ணியையும் ஆடச் சொல்லு."

"உங்க அண்ணியா? அவ நின்னா உக்கார மாட்டா, உக்காந்தா தூங்கிருவா. அவ எங்கம்மா ஆடுறது."

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். தெருவில் எல்லோருக்கும் வேன்காரர்தான். விடுமுறை வந்துவிட்டால் வண்டி உறையைப் போர்த்திக்கொண்டு கீழே நிற்கும், இவர் மேலே மூன்றாம் மாடியில் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு அலைவார். ஒழுகுகிற குழாய், கிறீச்சிடுகிற மின்விசிறி, கால் ஆடுகிற நாற்காலி என்று வரிசையாக ஏதாவது அகப்படும். ஒரு பொருள் கெட்டுப்போய்க் கண்ணெதிரே கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பழுது பார்த்த பிறகு அது இன்னும் மோசமாக ஓடினாலும் மனசு ஆறிவிடும்.

வீடு இரண்டு அறை. மேற்குப் பக்கம் ஒரே ஜன்னல். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயில் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கட்டிலைத் தாண்டி டிவி வரைக்கும் நீட்டிப் படுத்துவிடும். அந்த வெயிலில் உட்கார்ந்து சின்னவள் பெட்டியைப் பிரித்தாள். ஒன்பது வயது. புத்தகம் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, டிவி மேல் வைக்க விரல் அகலத்தில் ஒரு பட்டை, கையில் பிடிக்க இரண்டு கன்ட்ரோலர்கள். அவற்றை வீட்டில் முதல் நாளிலிருந்தே குச்சி என்றுதான் சொன்னார்கள். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வார் இருந்தது. குச்சியைச் செருகிக்கொள்ள பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்டியரிங், ஒரு டென்னிஸ் மட்டை. அப்புறம் ஏறி நிற்க ஒரு பலகை. அதில் யார் ஏறினாலும் எடையைத் திரையில் போட்டு மானத்தை வாங்கியது. அதனால் வேன்காரர் அதை முதலிலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஸ்டியரிங்கை மட்டும் விடவில்லை. இருபது வருடமாக ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டுகிறவர், திரையில் இருந்த கார்ப் பந்தயத்தில் முதல் வளைவிலேயே ஏரிக்குள் போய் விழுந்தார். இரண்டாவது தடவையும் அதே ஏரி.

"அப்பா, உங்களை நம்பியா நாப்பது புள்ளைங்களை அனுப்புறாங்க?" என்றாள் பெரியவள். பதினேழு வயது. வாயைத் திறந்தால் அப்பாவை வம்புக்கு இழுக்கத்தான்.

"இதுல பிரேக்கு எங்க இருக்குன்னே தெரியலடி. கால்ல ஒண்ணையும் காணோம். கால் இல்லாம எப்படி வண்டி ஓட்டுறது."

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். பத்தொன்பது வருடமாக அதே வேலை. அங்கே வருகிறவர்களுக்கு அவள் ஊசியக்கா. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கே வரிசையில் நிற்பார்கள். "ஊசியக்கா இருக்காங்களா?" என்று முதலில் கேட்பார்கள். இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. கைக்குழந்தை, எலும்பும் தோலுமான நோயாளி, மருந்து ஏற்றி ஏற்றி நரம்பு ஓடி ஒளிந்துகொண்டவர்கள், எல்லோரையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். ரப்பர் பட்டையை மேல்கையில் கட்டுவாள். முழங்கை மடிப்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்ப்பாள். நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்பாள். "ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்பாள். ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊதா மூடிக் குழாயும் சிவப்பு மூடிக் குழாயும் நிறைந்து, பஞ்சு வைத்துக் கையை மடக்கி விட்டிருப்பாள்.

இரண்டரை மணிக்கு வீடு வந்து, ஸ்பிரிட் வாடை போகக் கையைக் கழுவி, சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு சமையலறைப் படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். சாப்பிட்ட இடத்திலேயே கண் சொக்கும். மூன்று நாளாகப் பிள்ளைகள் கூப்பிட்டும் அவள் விளையாட வரவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் சின்னவள் அவள் கையிலிருந்த பட்டாணிக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"அம்மா, உன்னை மாதிரியே பொம்மை செஞ்சு வெச்சிருக்கேன் பாரு. கொண்டை போட்டு, கண்ணாடி போட்டு. அது நாலு நாளா உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. பாவம்மா."

"நிக்கட்டும். நானும் காலையில இருந்து நின்னுகிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். ஆனாலும் எழுந்து வந்தாள்.

முட்டைத் தட்டு என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்த ஆட்டம் அது. குச்சியைத் தட்டு ஏந்துகிற மாதிரி ஒரு கையில் கிடையாகப் பிடிக்க வேண்டும். திரையில் பொம்மை ஒரு தட்டில் இருபது முட்டைகளை வைத்துக்கொண்டு தானாக நடந்து போகும். கை சாய்ந்தால் தட்டு சாயும், முட்டை உருளும். எதிர்ப்பக்கத்துக் கூடை வரைக்கும் எத்தனை போய்ச் சேருகிறது என்பதுதான் கணக்கு. சின்னவள் பதினாறு. பெரியவள் பதினொன்று. வேன்காரர் ஒன்பது.

"இதுல உங்கம்மாவை அடிக்க ஆள் கிடையாது. எழுதி வெச்சுக்கோங்க. பத்தொம்பது வருஷமா ஊசி பிடிச்ச கை" என்றார் வேன்காரர்.

பெரியவள் இதைப் படம் பிடிக்கச் செல்லை எடுத்துக்கொண்டாள்.

கொண்டை போட்ட பொம்மை நடக்க ஆரம்பித்தது. பத்து எண்ணுகிற வரைக்கும் ஒரு முட்டைகூட அசையவில்லை. "பாத்தீங்களா" என்று வேன்காரர் சொல்லி வாய் மூடவில்லை, தட்டு கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. சாயவில்லை, ஆடியது. முட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு துள்ளின. நாலு விழுந்தது. ஏழு விழுந்தது. பொம்மை பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கூடைக்கு வந்து சேர்ந்தபோது தட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தது. அதுவும் கூடையின் விளிம்பில் பட்டு உடைந்தது.

சின்னவள் தரையில் உருண்டு சிரித்தாள். பெரியவளுக்குச் செல்லைப் பிடிக்க முடியவில்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் வேன்காரர்தான். "ஊசியக்காகிட்ட முட்டையைக் குடுக்காதீங்கப்பா, ஆம்லெட்தான் வரும்" என்றார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குச்சியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, வலது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, பட்டாணி உரிக்கப் போனாள். பெரியவள் அந்தப் படத்தைச் செல்லில் எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். எங்கள் வீட்டு ஊசி டாக்டர் என்று தலைப்பும் வைத்தாள்.

மறுநாளும் ஆடினார்கள். அவள் கையில் தட்டு மறுநாளும் அப்படித்தான் ஆடியது.

"குச்சிதான் கெட்டுப்போச்சு. நம்ம கைக்கு வர்றப்பவே பழசுதானே" என்றார் வேன்காரர். பேட்டரியை மாற்றினார். சாயங்கால வெயில் அந்தப் பட்டையில் அடித்தால் கோளாறு காட்டும் என்று பெரியவள் எங்கோ படித்துச் சொன்னாள். உடனே ஜன்னலில் போர்வையைக் கட்டினார். காற்று நின்றுபோய் வீடு அடுப்பு மாதிரி ஆனது. நாலு பேரும் வியர்த்து ஒழுக அந்த இருட்டில் நின்று முட்டை சுமந்தார்கள். மற்ற மூன்று பேருக்கும் தட்டு நின்றது.

"அப்பா, அதே குச்சிதான். எனக்கு ஆடலையே" என்றாள் சின்னவள்.

"உன் கை சின்னக் கை, லேசாப் பிடிக்கிற. அம்மா அழுத்திப் பிடிக்கிறா. அதான்."

"அம்மா, லேசாப் பிடிச்சுப் பாரேன்."

"நாளைக்குப் பாக்கலாம். உலை கொதிக்குது" என்று அவள் போய்விட்டாள்.

வேன்காரர் குச்சியைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர முடியாத ஓர் இடத்தில் ரிமோட் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். செல், ரிமோட், ரேடியோ எல்லாம் பார்ப்பார். குச்சியைத் திறந்து ஊதினார். உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுக்குள்ள அரிசி மாதிரி ஒரு சில்லு இருக்கு சார். மேல எது, கீழ எது, எந்தப் பக்கம் அசையுதுன்னு அதுக்குத் தெரியும். அது நல்லாத்தான் இருக்கு. என்ன கம்ப்ளைண்ட்டு?"

"நேராப் பிடிச்சாலும் ஆடுதுங்க. கிடுகிடுன்னு."

கடைக்காரர் தன் மேசைக்கு அடியிலிருந்த சின்ன டிவியில் ஒரு பெட்டியைச் சேர்த்துக் குச்சியைக் கையில் ஏந்தினார். திரையில் ஒரு கோடு நேராகப் போனது. அரை நிமிடம் வைத்திருந்தார். கோடு அசையவில்லை.

"உங்களுக்கு ஆடுதா?"

"ஆமா."

"பிடிங்க."

வேன்காரர் பிடித்தார். கையை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்திப் பிடித்தார். கோடு நேராகத்தான் போனது. இருவரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாருக்கு சார் ஆடுது?"

"வீட்ல."

"வயசானவங்களா?"

"நாப்பத்தாறு."

கடைக்காரர் உருப்பெருக்கியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாலு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டினார். வழக்கத்தைவிட மெதுவாகப் பூட்டினார். "இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். கை என்ன பண்ணுதோ அதைத்தான் காட்டும்" என்றார்.

"புதுக்குச்சி ஒண்ணு இருக்குமா?"

"இருக்கு. ஆனா சார்..."

"குடுங்க" என்றார் வேன்காரர்.

புதுக்குச்சியோடு மாடி ஏறும்போது இரண்டாம் மாடியில் கொஞ்ச நேரம் நின்றார். கீழே உறை போர்த்திய வண்டி தெரிந்தது. அந்த வண்டியில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பக்கத்தில் படுத்திருக்கிறவளின் கை ஆடியதைப் பார்க்கவில்லை. பார்த்தோமா, பார்த்தும் பார்க்காமல் விட்டோமா என்று யோசித்தார். போன மாதம் டீ டம்ளர் சாஸரில் தட்டிக்கொண்டே வந்ததும், அவள் டம்ளரை மட்டும் கொண்டுவர ஆரம்பித்ததும் நினைவுக்கு வந்தன.

வீட்டுக்குள் நுழைந்ததும் "ரிப்பேர்தானாம். மாத்திட்டேன்" என்றார்.

அவள் கழுவுகிற பாத்திரத்திலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரையும் ரொட்டி வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். செருப்புச் சத்தம் படியில் இறங்கி முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த குச்சியை வாங்கினாள். ஆட்டத்தை அவளே தொடங்கினாள். எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் ஆளில்லாதபோது ஆடிப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"எண்ணுங்க" என்றாள்.

அவர் எண்ணவில்லை. அவளே எண்ணினாள். பதினொன்று வரும்போது முட்டைகள் துள்ளத் தொடங்கின. அவள் கையைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள்.

"புதுசுலயும் ஆடுதுங்க."

"அசதியா இருக்கும். நாலரைக்கு எந்திரிச்சுப் போற. ஒழுங்காத் தூங்குறதில்ல, சாப்பிடுறதில்ல. ரெண்டு நாள் லீவு போடு."

"எட்டு மாசமா இருக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மொதல்ல சும்மா இருக்குறப்பதான் கட்டைவிரல் ஆடும். வேலையில கை வெச்சா நின்னுரும். அதனால எனக்குப் பயமில்ல. ஊசி உள்ள போறவரைக்கும் இப்பவும் கை சொன்ன பேச்சு கேக்குதுங்க. போனப்புறம் குழாய் நிறையுற வரைக்கும் அசையாம வெச்சிருக்கணும் பாருங்க, அங்கதான். பத்து எண்ணுற நேரம். அதுக்குள்ள முடிச்சிரணும்னு இப்பல்லாம் சுண்டுவிரலை அவங்க கையில ஊனிக்குவேன். ரெண்டு குழாய்னா தப்பிச்சேன். நாலு குழாய்னா மனசுக்குள்ள சாமியக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல."

"சொன்னா நீங்க திருப்புளியை எடுத்துக்கிட்டு வருவீங்க" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"டாக்டர்கிட்டப் போவோம். நாளைக்கே போவோம்."

"எனக்குத் தெரியுங்க என்னன்னு. இப்படிக் கை ஆடுறவங்க எத்தனை பேருக்கு நான் ரத்தம் எடுத்திருக்கேன். மொதல்ல நடந்து வருவாங்க. அப்புறம் ஒருத்தர் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்லி போன் வரும். ஒருத்தரோட மூணு கட்டத்தையும் நான்தான் பாத்தேன்." அவள் குச்சியின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றினாள். "போன வாரம் ஒரு கைக்குழந்தை. ஆறு மாசம். உள்ள சரியாத்தான் போனேன். பாதிக் குழாய் நிறைஞ்சிருக்கும், கை ஆரம்பிச்சிருச்சு. நரம்பு கிழிஞ்சு நீலமா வீங்கிப்போச்சு. அந்தப் புள்ளையோட அம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறா. குழந்தை கையை இழுத்துருச்சு போலக்கா, தப்பா எடுத்துக்காதீங்கன்னு. நானும் ஆமான்னு சொல்லிட்டேங்க."

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. போர்வை கட்டிய ஜன்னலின் ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு.

"போதும். வேலைக்குப் போகாத" என்றார் வேன்காரர்.

"இந்த ஒரு மாசம். பெரியவளுக்குக் காலேஜ்ல இடம் கிடைக்கிறவரைக்கும். குழந்தைங்களை எடுக்க மாட்டேன். பெரியவங்களை மட்டும்."

"பெரியவங்களுக்கு மட்டும் நரம்பு இரும்பாலயா இருக்கு?"

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. ரொட்டியோடு பிள்ளைகள் உள்ளே வந்தபோது அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். இவர் ஜன்னல் போர்வையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "புதுக்குச்சி எப்படிப்பா?" என்றாள் சின்னவள். "நல்லா இருக்கு" என்றார்.

மறுநாள் அவள் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். வழக்கமாகக் கொண்டுபோகும் தோள்பையை அங்கேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். வேன்காரர் மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தார். பெரியவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பதிவு மேசைக்கு மாத்திட்டாங்க. பேர் எழுதி, ரசீது குடுக்குற வேலை. நாளையில இருந்து" என்றாள்.

"நீயே சொல்லிட்டியா?"

"நான் எங்க சொன்னேன். எங்க லேப் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. உக்காருன்னாங்க. பத்தொம்பது வருஷத்துல அந்த ரூம்ல நான் உக்காந்ததே இல்ல." கழற்றிப் போட்ட இறக்கைகளுக்கு நடுவில் கால் வைக்க இடம் பார்த்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "பதிவு மேசைப் பொண்ணு செல்லுல நம்ம வீட்டுப் படத்தைக் காட்டிக்கிட்டு இருந்திருக்கா. எல்லாரும் பாத்துச் சிரிச்சிருக்காங்க. டாக்டரம்மாவும் பாத்திருக்காங்க. மொதத் தடவ நானும் சிரிச்சேம்மா, ரெண்டாந்தடவ சிரிக்க முடியல, மூணாந்தடவ கதவைச் சாத்திக்கிட்டுப் பாத்தேன்னாங்க. கையை நீட்டச் சொன்னாங்க. நீட்டினேன். அவங்க எண்ணவே இல்லைங்க, கை ஆட ஆரம்பிச்சதும் எனக்கே பத்துன்னு தெரிஞ்சுபோச்சு."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அழுதாங்க. நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். டம்ளர்ல பாதி கீழ சிந்திருச்சு."

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றுபோயிருந்தது. பெரியவள் வாசலில் வந்து நின்றாள். வெங்காயத்தால் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

அவளாகவே ஒவ்வொன்றாகச் சேர்த்துப் புரிந்துகொள்வதை இருவரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"நான் போட்டதும்மா அது. நான்தான் சிரிச்சேன். அதுல என் சத்தம்தான் அதிகமா கேக்கும்."

"நீ என்ன பண்ணுவ. ஆடினது என் கை" என்றாள் அம்மா. "ஒருவிதத்துல நல்லதுதான். இன்னும் நாலு பேருக்குக் கையைக் கிழிச்சிருப்பேன்."

அப்படிச் சொன்னாளே தவிர, நாலு நாள் பெரியவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பாடு போட்டாள். தலை துவட்டிவிட்டாள். பேச வேண்டியதைச் சின்னவளிடம் சொல்லி அனுப்பினாள். தான் செய்வது நியாயமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் முகம் திரும்பவில்லை. பெரியவள் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்த அந்தப் படத்தை அழித்தாள். தன் செல்லிலிருந்து மட்டும் அழிக்க மனசு வரவில்லை. அதைப் போட்டுப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் நரம்பு மருத்துவரிடம் போனார்கள். சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேர் போனார்கள். மருத்துவர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். நடந்து திரும்பச் சொன்னார். வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வீசாமல் போவதை வேன்காரரும் அன்றைக்குத்தான் பார்த்தார். தாளில் ஒரு வரி எழுதச் சொன்னார். அவள் முழுப்பெயரையும் முகவரியையும் எழுதினாள். எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு வரிசையாகிவிட்டது.

"எப்ப ஆரம்பிச்சது? கை எப்படி ஆடுதுன்னு சொல்ல முடியுமா?"

அவள் பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டாள். நாலு நாளில் நேராகக் கேட்ட முதல் பேச்சு அது.

பெரியவள் செல்லை எடுத்துக் கொடுத்தாள். மருத்துவர் அதை மேசைமேல் நிமிர்த்தி வைத்துப் போட்டார். சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. சின்ன அறை அது. வேன்காரர் சிரிக்கிற சத்தமும், சின்னவள் தரையில் உருளுகிற சத்தமும், எல்லாவற்றுக்கும் மேலே பெரியவளின் மூச்சு முட்டுகிற சிரிப்பும் அந்த அறை முழுக்க நிறைந்தன. ஆம்லெட்தான் வரும் என்று வேன்காரரின் குரல் சொன்னது. மருத்துவர் திருப்பிப் போட்டார். மறுபடியும் ஆம்லெட்தான் வரும் என்றது. மூன்றாவது தடவை போட்டபோது வேன்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவளுக்குப் போக இடமில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்மேல் அம்மா தன் இடது கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"நடுக்குவாதம்" என்றார் மருத்துவர். "மாத்திரையில கட்டுப்படுத்தலாம். முழுசாப் போக்க மருந்து இல்ல. மெதுவாத்தான் போகும். ஆளுக்கு ஆள் மாறும், இப்பவே எதையும் சொல்ல முடியாது. ஊசி வேலை வேண்டாம்."

"அதை விட்டாச்சுங்க" என்றாள்.

"கை கால் அசைக்கிற பயிற்சி தினமும் செய்யணும். இந்த விளையாட்டு வீட்லயே இருக்கில்லையா? இதையே ஆடுங்க. ரொம்ப நல்லது. தினம் அரைமணி நேரம். வீட்ல எல்லாரும் சேர்ந்து ஆடுனா இன்னும் நல்லது."

பள்ளிக்கூடம் திறந்தது. வண்டியின் உறை கழன்றது. வேன்காரர் காலையில் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கி, சாயங்காலம் ஏற்றி இறக்கி, ஐந்தரைக்கு வீடு வந்தார். அவள் பதிவு மேசையில் பெயர்களை எழுதினாள். ஊசியக்கா இருக்காங்களா என்று கேட்டு வருகிறவர்களிடம், "இருக்காங்க, ஆனா அவங்க எடுக்க மாட்டாங்க, உள்ள புதுசா வந்திருக்கவங்க நல்லா எடுப்பாங்க" என்று அவளே சொன்னாள். சிலர் கையை அவளிடமே நீட்டுவார்கள். பழக்கம்.

ஆறு மணிக்கு மாத்திரை. ஆறேகாலுக்கு ஆட்டம். பட்டையைத் துடைத்து வைப்பது சின்னவள் வேலை. கட்டிலுக்கு அடியிலிருந்த பலகையும் வெளியே வந்தது. அம்மா அதில் ஏறி இடமும் வலமும் சாய்ந்து நின்றாள். கட்டில் நகர்ந்தது, நாற்காலிகள் சுவரோடு போயின. நாலு பேரும் வரிசையாக நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒருவர் மாற்றி ஒருவர் ஆடினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா கையில் குச்சி போனால் எல்லோரும் டிவியைத் தவிர மற்ற இடங்களைப் பார்த்தார்கள். மூன்று முட்டை, இரண்டு முட்டை, மாத்திரை நன்றாக வேலை செய்த நாளில் ஆறு.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. அம்மாவுக்கு இரண்டு முட்டை. அடுத்து சின்னவள். முந்தின நாள்களில் பதினேழு முட்டை வரைக்கும் போயிருந்தவள், பாதி வழியில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினாள். எல்லாம் உருண்டு போயின. "அய்யோ, விழுந்துருச்சு" என்றாள். அவளுக்கு நடிக்கத் தெரியவில்லை. அதற்கடுத்து பெரியவள். அவளுக்கு ஒன்று. வேன்காரர் முறை வந்தது. அவர் தட்டை ஏந்தினார். பொம்மை நடக்க ஆரம்பித்ததும் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். முட்டைகள் இரண்டு பக்கமும் கொட்டின.

"அப்படி ஆட்டாதீங்க" என்றாள் அவள். "எனக்கு அப்படி ஆடாது."

அவர் கை நின்றது.

"நீங்க மூணு பேரும் இப்படித் தோத்துக்கிட்டே இருந்தா நான் யாரோட ஆடுறது. மொதல்ல இருந்து போடு சின்னவளே. அப்பா ஒழுங்கா ஆடட்டும்."

சின்னவள் ஆட்டத்தை முதலிலிருந்து போட்டாள். வேன்காரர் குச்சியை நெஞ்சுக்கு நேராக ஏந்தினார். பொம்மை நடந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள். பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று, கை கல் மாதிரி இருந்தது. எப்படி ஆட்டுவது, எப்படி ஆட்டாமல் இருப்பது என்று தெரியாமல் அவர் அதை அப்படியே வைத்திருந்தார். இருபது முட்டையும் கூடைக்குப் போய்ச் சேர்ந்தன.